"மன்னித்துவிட்டேன்" என்று ஜெபத்தில் சொன்ன பிறகும் காயம் ஆறவில்லை என்றால் எங்கே தவறுகிறது?

பாளை வாசகி (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்தத் தபசு நாட்களுக்கு (ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம்) நான்கு சனிக்கிழமை வேதபாடம் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. தலைப்பு "மனக்காயங்கள்". இரண்டு வசனம், ஒரு பாட்டு, ஒரு ஜெபம் என்று முடிக்க எனக்கு இஷ்டமில்லை.

வருகிறவர்களில் பலருக்கு ஒரே மாதிரிக் காயம். வெளியார் செய்தது இல்லை, கூடப்பிறந்தவர்கள் செய்தது. சொத்தில் பங்கு இல்லாமல் ஆக்கியது, அம்மாவைப் பார்க்க விடாதது, சபையில் பெயரைக் கெடுத்தது. எல்லாருமே "கர்த்தருக்குள் மன்னித்துவிட்டேன்" என்று சொல்லியாயிற்று. ஆனாலும் அந்தப் பெயர் காதில் விழுந்தால் முகம் மாறுகிறது. கல்யாண வீட்டுக்கு அவர்கள் முன்வாசலில் வந்தால் இவர்கள் பின்வாசலில் கிளம்புகிறார்கள். பிறகு "நான் மன்னிக்கவே இல்லையோ, என் ஜெபம் கேட்கப்படாதோ" என்று அது இரண்டாவது பாரமாகிவிடுகிறது.

வலி இருந்தால் மன்னிக்கவில்லை என்று அர்த்தமா? நான்கு வாரத்தில் எதை முதலில் எடுப்பது? யாரை டாக்டரிடம் போகச் சொல்வது, எப்போது? அனுபவசாட்சி வேண்டாம். செய்முறையாகச் சொல்லுங்கள்.

---

சூரைச்செடி

அக்கா, முதல் இரண்டு வாரம் மன்னிப்பு என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதுதான்.

எரேமியா 6:14இல் "மேற்பூச்சாய்" என்று ஒரு சொல் வருகிறது. சமாதானமில்லாதிருந்தும் சமாதானம் சமாதானம் என்று சொல்லி ஜனத்தின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறவர்கள்மேல்தான் அங்கே கோபம். காயத்தைத் திறந்து கழுவாமல் களிம்பு தடவினால் மேல்தோல் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் இருக்கும். அவசரமாகச் சொன்ன "மன்னித்துவிட்டேன்" பல நேரம் அப்படிப்பட்ட களிம்பு.

கர்த்தருடைய ஜெபத்தை ஆராதனையில் "குற்றம்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மத்தேயு 6:12ஐ வேதத்தில் திறந்து பாருங்கள், "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை" என்று இருக்கும். கடன் என்று எடுத்தால் ஒரு விஷயம் விளங்கும். எவ்வளவு என்று எழுதாத கடனை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. மத்தேயு 18இல் இயேசு தொகையைச் சொல்லித்தான் பேசுகிறார். ராஜாவுக்கு வரவேண்டியது பதினாயிரம் தாலந்து, உடன்வேலைக்காரன் தரவேண்டியது நூறு வெள்ளிப்பணம். வெள்ளிப்பணம் ஒன்று ஒரு நாள் கூலி, தாலந்து ஒன்று ஏறக்குறைய 6,000 நாள் கூலி. ஒன்றுக்கொன்று 6 லட்சம் மடங்கு. பிரசங்கத்தில் பெரிய தொகையைச் சொல்லி அதோடு விட்டுவிடுவார்கள். அந்தச் சின்னத் தொகையும் நூறு நாள் கூலி, மூன்று மாதத்துக்கு மேல் உழைத்த காசு. "இதெல்லாம் ஒன்றுமில்லை" என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

ஆகவே முதல் வாரம் சங்கீதம் 55. கூடப்பிறந்தவர் போன்ற ஒருவர் செய்த துரோகத்துக்கு வேதத்தில் இதைவிடப் பொருத்தமான அதிகாரம் கிடையாது. 12ஆம் வசனத்தில் சங்கீதக்காரன், சத்துரு நிந்தித்திருந்தால் சகிப்பேன் என்கிறான். 13இல் "என் தோழனுமாகிய நீயே அவன்" என்று ஆள் மாறி, நேருக்கு நேர் பேச ஆரம்பிக்கிறான். 14இல் இரண்டு பேரும் கூட்டத்தோடே ஒன்றாய்த் தேவாலயத்துக்குப் போன ஞாபகம். 15இல் சாபம். 21இல் வெண்ணெயைப்போல மெதுவான சொற்கள், உள்ளே உருவின பட்டயம். இவ்வளவுக்கும் பிறகுதான் 22, "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு". நாம் 22ஐ மட்டும் வெட்டிக் காலண்டரில் போட்டுவிட்டோம். எந்தப் பாரம் என்று 21 வசனம் சொன்ன ஆளுக்குக் கிடைத்த பதில் அது.

வகுப்பில் 23 வசனத்தையும் ஒருவர் சத்தமாக, மெதுவாக வாசிக்கட்டும். 15ஐ வாசிக்காமல் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அங்கே யாராவது நெளிவார்கள், நெளியட்டும். பழிவாங்கும் ஆசையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தேவன் காதில் போட்டுவிட்டுப் போகிறான் அவன், அவ்வளவுதான்.

மீதி வீட்டுவேலை. நான்கு நாள், நாளுக்கு 15 முதல் 20 நிமிடம், பேனாவும் தாளும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வின் அளவு இது (4 நாள், 15 நிமிடம்). சங்கீதத்தின் வரிசையோடு இதைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் நாள் நடந்தது மட்டும்: எந்த மாதம், எந்த அறை, யார் என்ன வார்த்தை சொன்னார்கள். "பாவி", "துரோகி" எல்லாம் அன்றைக்கு வேண்டாம். இரண்டாம் நாள் என்ன போயிற்று என்ற பட்டியல். பணத்தை எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள், எழவிடாதீர்கள். அண்ணன் பிள்ளைகள் "அத்தை" என்று ஓடிவந்தது போயிற்று, அம்மாவுக்குக் கடைசியாகத் தலை வாரிவிட முடியாமல் போயிற்று. கடனின் பெரிய பங்கு இந்த வரிகளில்தான் இருக்கும். மூன்றாம் நாள் அதையே தேவனைப் பார்த்து முறையிடுவது. மாதிரிக்குச் சங்கீதம் 13, முதல் இரண்டு வசனத்தில் நான்கு "எதுவரைக்கும்". நான்காம் நாள் என்ன வேண்டும் என்று கேட்பது. கடைசியில் 55:22.

இதில் கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். படுக்கப் போகும்போது எழுதினால் தூக்கம் போகும், ஒரு மணி நேரமாவது முன்னால் முடிக்க வேண்டும். எழுதியதைப் போட்டோ எடுத்துச் சம்பந்தப்பட்டவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நான்கு நாள் வேலை நாற்பது நாள் சண்டையாகிவிடும். நான்காம் நாளும் முதல் நாள் எழுதிய அதே வாக்கியம் அதே வேகத்தில் வந்தால் அது முறையீடு இல்லை, அசைபோடுதல். அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒருவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். தாள் வீட்டில் இன்னொருவர் கையில் சிக்கக்கூடாது. பால்பாயிண்ட் மை தண்ணீரில் கரையாது, எரிப்பதுதான் உத்தமம். எரிப்பதை ஒரு சடங்காக்கிக் கூட்டமாகச் செய்ய வேண்டாம், அது நாடகமாகிவிடும்.

இன்னொன்று. யாரையும் கூட்டத்தில் எழுந்து கதை சொல்லச் சொல்லாதீர்கள். சனிக்கிழமை சொன்னது ஞாயிறு ஆராதனைக்குள் தெரு முழுக்கப் போய்விடும்.

---

மருதமரம்

நான் ஆற்றுப்படுத்தும் (கவுன்சலிங்) பணியில் இருக்கிறேன். சூரைச்செடி சொன்ன வரிசை சரி. மூன்றாம் வாரத்துக்கு மட்டும் சேர்க்கிறேன்.

"வலி இருந்தால் மன்னிக்கவில்லையா?" இல்லை. அமெரிக்காவில் எவரெட் வொர்திங்டன் என்ற கிறிஸ்தவ உளவியலாளர் மன்னிப்பை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று தீர்மானம்: பழிவாங்க மாட்டேன், இவரை மனுஷராகவே நடத்துவேன். இது ஒரே நாளில் முடியும். மற்றது உணர்ச்சி மாறுவது. அது மாதங்கள் எடுக்கும், வருஷங்களும் எடுக்கும். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவது வரவில்லையே என்று தங்களையே குற்றவாளியாக்கிக்கொள்கிறவர்கள்தான் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். இந்தப் பிரிவை மட்டும் சொல்லிக்கொடுத்தாலே பாதிப் பேருக்கு மூச்சு வரும். (அந்த மனிதர் ஏட்டில் மட்டும் படித்தவர் இல்லை. 1996 புத்தாண்டை ஒட்டி அவருடைய தாயார் வீடு புகுந்தவர் கையால் கொல்லப்பட்டார்.)

அவருடைய முறையில் ஐந்து படி. காயத்தைப் பொய்யில்லாமல் நினைவுகூர்வது, செய்தவர் எந்தப் பயத்தில் எந்த நெருக்கடியில் செய்தார் என்று யோசித்துப் பார்ப்பது, தகுதி பார்க்காமல் கொடையாக மன்னிப்பைக் கொடுப்பது, தேதியிட்டு எழுதிவைப்பது, பிறகு பழைய கோபம் எழும்பும்போது எழுதியதைப் பிடித்துக்கொள்வது. நான்காவது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் ஆறு மாதம் கழித்து "நான் மன்னித்தேனா இல்லையா" என்று மனது கேட்கும்போது, வேதப்புத்தகத்துக்குள் தேதியோடு ஒரு தாள் இருந்தால் அது பெரிய உதவி.

தவறுவது இரண்டாம் படியில். செய்தவர் பக்கத்தை யோசிக்கச் சொன்னால், நம் பெண்கள் ஒரே தாவாக அவருக்கு வக்கீலாகிவிடுவார்கள். "பாவம், அண்ணிதான் தூண்டினா." காரணம் தெரிவது வேறு, செய்தது சரி என்பது வேறு. அடி உதை இன்னும் நடந்துகொண்டிருக்கிற வீட்டில் இருப்பவரிடம் இந்தப் படியை எடுக்கவே கூடாது. அவருக்கு முதல் தேவை பாதுகாப்பான இடம், பெண்கள் உதவி எண் 181.

மன்னிப்பும் ஒப்புரவும் (மறுபடி உறவு சேர்வதும்) ஒன்றல்ல என்பதையும் மூன்றாம் வாரமே சொல்லிவிடுங்கள். மன்னிக்க ஒருவர் போதும், ஒப்புரவாக இரண்டு பேர் வேண்டும். ரோமர் 12:18இல் பவுல் "கூடுமானால், உங்களாலானமட்டும்" என்று இரண்டு நிபந்தனை போட்டுவிட்டுத்தான் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்கிறார்.

சகோதரர்களால் விற்கப்பட்டு, பிறகு எகிப்தில் அதிகாரியான யோசேப்பைப் பாருங்கள். சகோதரர்கள் வந்து நின்றதும் கட்டிப்பிடிக்கவில்லை. மூன்று நாள் காவலில் வைத்தான், சிமியோனைப் பிடித்துவைத்தான், பென்யமீன் சாக்கில் பாத்திரத்தைப் போட்டான். அன்றைக்குத் தம்பியை விற்றவர்கள் இன்றைக்கு இன்னொரு தம்பியை விட்டுவிட்டுப் போவார்களா என்று பார்த்தான். யூதா "அவனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன்" என்ற பிறகுதான் வாய்விட்டு அழுது தன்னைத் தெரியப்படுத்தினான். இடையில் இரண்டு முறை மறைவாகப் போய் அழுதிருக்கிறான் (ஆதியாகமம் 42:24, 43:30).

ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் பையில் எப்போதும் ஆதியாகமம் 50:20 இருக்கும், "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ..." என்று. கணக்குப் போடுங்கள். விற்கப்பட்டபோது யோசேப்புக்கு வயது 17. பார்வோன் முன் நின்றபோது 30. ஏழு வருஷம் விளைச்சல், இரண்டு வருஷம் பஞ்சம், ஆக சகோதரர்களுக்குத் தன்னை அறிவித்தபோது 39. அதற்குப்பின் யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் இருந்து மரித்தான். அந்த வசனம் அதற்கும் பிறகு. அதாவது குழியில் போடப்பட்டு ஏறக்குறைய 39 வருஷம் கழித்துச் சொன்னது, சொன்னதும் காயப்பட்டவனே. மற்றவர்கள் அதை நாற்பதாம் நாளே எடுத்து நீட்டுவது வசனத்துக்கும் நியாயமில்லை, அந்த ஆளுக்கும் நியாயமில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. "உள்ளான சுகம்" என்ற பெயரில் நடக்கும் சில கூட்டங்களில், "சின்ன வயதில் யாரோ உன்னைத் தொட்டிருக்கிறார், ஆவியானவர் காட்டுகிறார்" என்று நடத்துகிறவரே சொல்லிக்கொடுப்பதுண்டு. அழுத்திச் சொன்னால் நடக்காத ஒன்றுகூட நினைவாகப் பதிந்துவிடும். நினைவைக் கேட்கலாம், ஊட்டக்கூடாது.

---

இராயனுக்கு அபயம்

வக்கீல். பைபிள் உங்கள் அளவுக்குத் தெரியாது, பத்திரம் தெரியும். சொத்து என்று சொன்னதால் எழுதுகிறேன்.

"மன்னித்துவிட்டாய் அல்லவா, அப்படியானால் விடுதலைப் பத்திரத்தில் (என் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பது) கையெழுத்துப் போடு" என்ற பேச்சு எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. மன்னிப்புக்கும் அந்தக் கையெழுத்துக்கும் சம்பந்தமில்லை. பங்கைக் கொடுக்க மனதிருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம், அது தானம். மன்னித்ததற்கு அத்தாட்சியாக அதைக் கேட்கிறவர் மன்னிப்பைக் கேட்கவில்லை, நிலத்தைக் கேட்கிறார்.

உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்துக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வித்தியாசம் அதில் இல்லை. "பெண்ணுக்கு நகை போட்டாச்சு" என்பது ஊர் வழக்கம். அந்தப் பங்கு விதியில் அது இல்லை. பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பிறகு ரத்து செய்யச் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும், மோசடி தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள். ஜெபித்துக்கொண்டு காத்திருப்பதில் இந்தக் கெடு ஓடிவிடுகிறது. அழுதுகொண்டிருக்கும் வாரத்தில் எதிலும் கையெழுத்து வேண்டாம். வாசித்துப் பார்க்க நகல் கேளுங்கள், பத்து நாள் வைத்திருங்கள்.

"சகோதரன்மேல் வழக்குப் போடலாமா, 1 கொரிந்தியர் 6 என்ன சொல்கிறது" என்பார்கள். அதே அதிகாரம் 5ஆம் வசனத்தில் வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா என்று பவுல் கேட்கிறார். கேள்வி சபையைப் பார்த்து. இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துக் கணக்குப் பார்க்க ஒருவரும் முன்வராமல், ஏமாந்தவரை மட்டும் சும்மா இரு என்பது அந்த அதிகாரத்தைப் பாதி வாசிப்பது. பவுலே அப்போஸ்தலர் 25:11இல் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தவர். பிலிப்பி பட்டணத்தில் அதிகாரிகள் விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு இரகசியமாய் அனுப்பப் பார்த்தபோது, அவர்களே வந்து வெளியே அழைத்துவிடட்டும் என்று உட்கார்ந்துவிட்டார் (16:37).

பாதிக்கப்பட்டது பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை, விஷயம் பாலியல் கொடுமை என்றால் பேச்சே வேறு. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தகவல் கொடுத்தே ஆகவேண்டும், மறைப்பது குற்றம். போதகரானாலும் வேதபாட ஆசிரியையானாலும் விலக்கு கிடையாது. குழந்தைகள் உதவி எண் 1098.

---

வார்டு விளக்கு

மனநலப் பிரிவில் செவிலியர் வேலை. "எப்போது டாக்டர்" என்ற கேள்விக்கு மட்டும்.

இரண்டு வாரமாக ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடந்தால், அதோடு தூக்கம், பசி, வேலையில் பிடிப்பு, இவையும் கெட்டிருந்தால் காட்ட வேண்டும். பயங்கரமான ஒன்றை அனுபவித்தவர்களுக்கு அதே காட்சி விழித்திருக்கும்போதே திரும்பத் திரும்ப வருவது, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுவது, அந்த இடத்துப் பக்கமே போக முடியாதது, இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலும் அப்படியே. சாகவேண்டும் என்ற பேச்சு வந்தால் நாள் எண்ண வேண்டாம், அன்றைக்கே. "சாகணும்போல இருக்கா?" என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டுவிட்டுத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவும் பகலும் உண்டு, தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.

இனி சபைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டலும் தலைவலியும் மட்டும் தெரியும், நன்மை தெரியாது. அந்த நேரத்தில் யாராவது "விசுவாசத்தோடு மாத்திரையைத் தூக்கிப்போடு" என்றால் தூக்கிப்போட்டுவிடுவார்கள். நன்றாகத் தேறிய பிறகும் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை. அதைப் பார்த்து "பிசாசு திரும்பி வந்துவிட்டது" என்பார்கள். நிறுத்துவது டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான்.

உபவாச ஜெபத்தில் ஒரு ஆபத்தை யாரும் சொல்வதில்லை. மனவெழுச்சி நோய்க்கு (பைபோலார்) லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி விஷமாகும். கை நடுக்கம், வாந்தி, நாக்குக் குழறல் வந்தால் ஜெபக்குழுவைக் கூப்பிடுவதற்கு முன் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக்கூடாது. மனவெழுச்சி நோய் உள்ளவர்களுக்கு முழு இரவு ஜெபம் வேண்டாம். ஓரிரு இரவு தூக்கம் கெட்டாலே எழுச்சி கிளம்பிவிடக்கூடும். அவர்களை அதிகாலை ஜெபத்துக்குக் கூப்பிடலாம், இரவு தூங்கிவிட்டு வரட்டும்.

மாத்திரை அவிசுவாசம் என்கிறவர்களுக்கு 1 இராஜாக்கள் 19ஐ வாசித்துக் காட்டுங்கள். "போதும் கர்த்தாவே" என்று எலியா சூரைச்செடியின்கீழ் படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டான், திரும்பவும் படுத்துக்கொண்டான். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பாடுதான். கர்த்தர் பேசியது அதற்கு 40 நாள் கழித்து ஓரேபில். மேலே பதில் எழுதியவருக்கு இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது!

---

சிலுவைத் தெரு

கத்தோலிக்கர் பக்கத்திலிருந்து சுருக்கமாக. எங்களிடம் இதே குழப்பம் வேறு உருவில் வரும். காயப்பட்டவர்கள் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) வந்து, தங்களுக்கு மற்றவர் செய்ததைத் தங்கள் பாவமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் நமக்குச் செய்த தீங்கு நம் பாவம் அல்ல, அதற்குப் பாவமன்னிப்பும் தேவையில்லை. கோபம் வருவதும் பாவம் அல்ல. அந்தக் கோபத்தில் அவதூறு பரப்பினேன், கெடுதல் செய்தேன் என்றால் அதைச் சொல்ல வேண்டும். காயத்தைப் பற்றிப் பேச அருட்தந்தையிடம் தனியாக நேரம் கேளுங்கள், வரிசையில் பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது அது நடக்காது.

வார்த்தை வராதவர்களுக்கு வியாகுல அன்னையின் ஏழு துயரச் செபமாலை நல்லது. ஏழு துயரம், ஒவ்வொன்றுக்கும் ஏழு "அருள் நிறைந்த மரியே". சிமியோனின் வாக்கு, எகிப்துக்கு ஓட்டம், பிள்ளை காணாமற்போனது, சிலுவைப் பாதையில் சந்திப்பு, சிலுவை மரணம், உடலை மடியில் வாங்கியது, அடக்கம். ஏழாவது அடக்கத்தோடு நின்றுவிடும், உயிர்ப்பு அதில் கிடையாது. துக்கத்தை அவசரமாக முடித்துவைக்காத செபம் அது. புராட்டஸ்டண்ட் நண்பர்களுக்கு இதன் இடத்தில் சங்கீதம் 88 இருக்கிறது. துதியில் திரும்பாமல் இருட்டிலேயே முடிகிற சங்கீதம்.

---

பாளை வாசகி

எல்லாருக்கும் நன்றி. நாலாவது வாரம் திருவிருந்துக்கு (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை, பந்தி என்றும் சொல்வோம்) முந்தின சனிக்கிழமை வருகிறது. மன்னிக்க முடியவில்லை என்று வருஷக்கணக்காகப் பந்திக்கே போகாமல் இருக்கிறவர்கள் மூன்று பேர். "பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு" என்ற வசனத்தைக் காட்டுகிறார்கள். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக" என்பதையும். என்ன சொல்வது?

---

சூரைச்செடி

அக்கா, மத்தேயு 5:23ஐ அவர்கள் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுகூர்ந்தால் என்று இருக்கும். அதாவது குறை அவனுக்கு, உன்பேரில். எழுந்து போகவேண்டியவன் தீங்கு செய்தவன். ஏமாற்றியவர் முன்வரிசையில் பந்தியெடுக்க, ஏமாந்தவர் வீட்டில் உட்கார்ந்திருப்பது வசனத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பது.

முழுக்க விடுதலை என்றும் சொல்லிவிடாதீர்கள். காயப்பட்டவருக்கு மாற்கு 11:25 இருக்கிறது, ஒருவன்பேரில் உங்களுக்குக் குறை இருந்தால் ஜெபம்பண்ணும்போது மன்னியுங்கள் என்று. ஆனால் நின்ற இடத்திலேயே, தேவனுக்கு முன்பாகச் செய்வது அது. மருதமரம் சொன்ன தீர்மானம் அதற்குப் போதும். கை நடுங்குவது நிற்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1 கொரிந்தியர் 11இல் "அபாத்திரமாய்" என்று வருவதும் முன்வசனங்களில் இல்லாதவர்களை வெட்கப்படுத்திவிட்டுச் சாப்பிட்டவர்களைப் பற்றி (21, 22). வலியோடு வருகிறவர்களைப் பற்றி அங்கே பேச்சில்லை.

எபேசியர் 4:26இன் முதல் பாதி சங்கீதம் 4:4. "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்று கோபத்துக்கு இடம் கொடுத்துவிட்டுத்தான் எரிச்சல் தணியச் சொல்கிறது. அன்றன்றைய கோபத்தை அன்றன்றைக்குத் தேவனிடம் கொண்டுபோகச் சங்கீதம் 55:17 ஒரு கால அட்டவணையே தருகிறது, "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" என்று. அந்த மூன்று பேரும் முதல் மாதம் இதை அப்படியே செய்யட்டும், மூன்று வேளையும் ஐந்து நிமிடம். அதற்குமேல் நீட்டினால் பழையபடி அசைபோட ஆரம்பித்துவிடும்.

நடைமுறை ஒன்று. திருவிருந்தில் சமாதானத்தின் அடையாளமாகக் கைகொடுக்கும் நேரம்தான் இவர்களுக்குப் பயம். சபை ஐயரிடம் (போதகரிடம்) முந்தின நாளே தனியாகச் சொல்லிவையுங்கள். சம்பந்தப்பட்டவர் தெற்குப் பக்கம் உட்காருவாரானால் இவர்கள் வடக்குப் பக்க பெஞ்சில், நீங்களும் உங்கள் தோழி ஒருவரும் இருபுறமும் உட்கார்ந்துகொள்ளுங்கள். இரண்டு கையும் உங்கள் இருவர் கையில் இருந்துவிட்டால் வேறு யாருக்கும் நீட்டவேண்டிய அவசியம் வராது. பந்திக்கு எழும்போதும் சேர்ந்தே எழுந்து, சேர்ந்தே திரும்பி வாருங்கள். எப்படி இருந்தது என்று அன்றைக்கே கேட்காதீர்கள்.